பாட்டுக் கொட்டகைகள் மூடிய காலம்

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் ஒரு வேலூர்க்காரர். 1885-ல் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் சென்னைக்குப் போய்ச் சைக்கிள் வியாபாரம் பார்த்தார், பிறகு மோட்டார் வியாபாரத்தில் இறங்கினார். கர்சன் பிரபுவைப் பற்றிய படமெடுப்பில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரைப் புனேயில் தேடிப் பிடித்துக் கேமரா சுற்றக் கற்றுக்கொண்டார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவையே ஸ்டூடியோ ஆக்கினார். அங்கே பிறந்தது 'கீசக வதம்'. அடுத்த படம் 'திரௌபதி வஸ்திராபஹரணம்'. 1910-களின் பிற்பாதியில் வந்த இந்த இரண்டு ஊமைப்படங்களின் கதையும் வடாற்காட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் முன்னால் விடிய விடியக் கூத்தாக ஆடிப் பழகிய கதைகள் அவை. கீசகன் எப்படிச் சாவான், துகில் எப்படி வளரும் என்று காட்பாடி, அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலியார் எடுத்த அந்தப் படங்களின் பிரதி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. கூத்து மிஞ்சியிருக்கிறது.

படம் ஊமையாக இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து வாசித்தார்கள், கதையை உரக்கச் சொல்ல ஓர் ஆள் நின்றான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தபோதும் பாட்டுக்காரர்களின் வயிற்றில் அவர் அடிக்கவில்லை. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தவர் அவர். அந்தக் காலத்துச் சிறு நகரத்தில் காசு கொடுத்துப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: நாடகக் கொட்டகை. சபாக்கள் பெரிய நகரங்களுக்கு உரியவை. கோயில் கச்சேரிக்குத் திருவிழா வர வேண்டும். மற்ற நாட்களில், மற்ற ஊர்களில், தட்டியும் கீற்றும் வேய்ந்த கொட்டகையே சங்கீத மண்டபம்.

நாடகத்தைப் 'பார்க்க' அல்ல, 'கேட்க'த்தான் ஜனங்கள் போனார்கள் என்று சொன்னாலும் தவறில்லை. இரவு ஒன்பதரை, பத்துக்கு ஆரம்பித்து, விடியும்போது மங்களம் பாடுவார்கள். முன்னால் சோபா, அதற்குப் பின்னால் நாற்காலி, பெஞ்சு, கடைசியில் தரை. மேடையில் தர்பார் படுதா, தெருப் படுதா, காட்டுப் படுதா என்று சுருட்டி இறக்கும் சீலைகள். மேடையின் ஓரத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம், மிருதங்கம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். மைக் கிடையாது. ராஜபார்ட் நடிகர் படுதாவுக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டுதான் உள்ளே வருவார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டு, தரை டிக்கெட்டு ஆர்ப்பரிக்கும். நல்ல பாட்டு முடிந்ததும் 'ஒன்ஸ்மோர்' என்று சத்தம் கிளம்பும். அரிச்சந்திரன் மயானத்தில் அழுதுகொண்டிருந்தாலும் சரி, செத்தவன் எழுந்தாலும் சரி, அந்தப் பாட்டை மறுபடி பாடியே தீர வேண்டும். கதை அதுவரை காத்திருக்கும். விமர்சகர்கள் இதைக் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால், நாலணா கொடுத்தவனுக்கு வித்துவானை மறுபடி பாடவைக்கும் அதிகாரம் இருந்த இடம் தமிழ்நாட்டில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இந்தக் கொட்டகை மரபு மிகப் பழையதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளும், தஞ்சாவூர் மராட்டியரான கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனியும் தீட்டிய படுதாவையும் ஆர்மோனியத்தையும் இங்கே அறிமுகப்படுத்தின. பார்சி மெட்டுகள் தமிழ் வார்த்தையைப் போர்த்திக்கொண்டு உலவத் தொடங்கின. தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அதற்குத் தமிழ் உடம்பும் உயிரும் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் என்று அவர் எழுதிய நாடகங்களில் வசனம் கொஞ்சம், பாட்டு ஏராளம். விருத்தம், கீர்த்தனை, சந்தம், கும்மி என எல்லாம் கலந்த அந்த எழுத்துத்தான் கொட்டகைகளின் சரக்கு. முப்பது வருடத்துக்குமேல் தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி எந்த ஊரில் முகாம் போட்டாலும் சுவாமிகளின் நாடகம் ஒன்றாவது ஆடாமல் கிளம்பாது.

1918-ல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பேர்பெற்ற டி.கே. சண்முகமும் அவருடைய அண்ணன்மாரும் சிறுவர்களாகச் சேர்ந்தது அதில்தான். பெரியவர்களை மேய்ப்பதைவிடப் பையன்களை வைத்து நடத்துவது எளிது என்று கண்டுகொண்ட மற்ற முதலாளிகளும் பாய்ஸ் கம்பெனி ஆரம்பித்தார்கள். பத்து வயதுப் பையன் நாரதராக வந்து தாரஸ்தாயியில் சஞ்சரிப்பதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. அதே பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், அவன் கதி அதோகதி. பி.யு. சின்னப்பா கொடிகட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது இப்படித்தான் குரல் போய், கம்பெனியை விட்டு வெளியேறிச் சிலம்பமும் குஸ்தியும் பழகிக் கிடந்தார். கொட்டகையை நினைத்து ஏங்குபவர்கள் இந்தப் பையன்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

கம்பெனிகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது ரயில். ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. அந்த வாலாஜாபேட்டைதான் தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் குடியிருந்த ஊர். குருவின் கீர்த்தனைகளை அவர் எழுதிவைத்த ஏடுகள் இல்லாவிட்டால் இன்றைய கச்சேரி மேடைகளுக்குப் பல பாட்டுகள் கிடைத்திருக்காது. மண்டபமும் சபாவும் இல்லாமல், ஒரு வீட்டுத் திண்ணையையும் பஜனையையும் வைத்தே நடந்த சங்கீத வேலை அது. ரயில் அங்கிருந்து காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகப் பாகாலை நோக்கிப் போன மீட்டர்கேஜ் பாதை காட்பாடியில் வந்து குறுக்கிட, காட்பாடி ஜங்ஷன் ஆனது. படுதாச் சுருள், சிம்மாசனம், கிரீடப் பெட்டி, சமையல் அண்டா, ஐம்பது அறுபது ஆள் என்று நகரும் ஒரு நாடகக் கம்பெனிக்கு மாட்டுவண்டி போதாது. ஸ்டேஷன் உள்ள ஊர்களே கொட்டகை உள்ள ஊர்களாக வளர்ந்தன.

ரயிலுக்கும் பாட்டுக்கும் இன்னொரு தொடுப்பும் உண்டு. கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்தபோது நாடகக்காரர்கள் கண்ணில் பட்டார் என்பார்கள். திருச்சியில் அப்போது எஃப்.ஜி. நடேச ஐயர் என்ற ரயில்வே அதிகாரி இருந்தார். நாடகப் பைத்தியம். ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர். எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றி அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நடிக்கவைத்தவரும் அவரே.

சுந்தராம்பாள் வேலு நாயர் கம்பெனியில் பாடத் தொடங்கி, இலங்கைவரை புகழ் பெற்றார். 1926-ல் கொழும்பில் அவருக்கு ஜோடியாக வந்து சேர்ந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அதற்குமுன் கன்னையா கம்பெனியில் தசாவதாரம் ஆடியவர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கிட்டப்பா உச்சஸ்தாயியில் நிற்கும்போது சாஸ்திரீய வித்துவான்களே தலையாட்டினார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்து பாடிய இரவுகளில் நாடகம் பாதி, போட்டி பாதி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ம் தேதி இறந்தார். வயது 27. சுந்தராம்பாள் 25 வயதில் வெள்ளைச் சேலை உடுத்தினார், மேடையைவிட்டு ஒதுங்கினார்.

அவர் திரும்பி வந்தது கொட்டகைக்கு அல்ல. 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்குக் கேள்விப்படாத தொகை. கொட்டகைகள் எப்படி மூடின என்பதற்கு இந்த ஒரு சம்பளமே பாதி விளக்கம்.

மீதி விளக்கம் இசைத்தட்டிலிருந்து தொடங்குகிறது. இருபதுகளிலேயே கிட்டப்பாவின் பாட்டைத் தட்டில் பதித்து விற்றார்கள். நாடகப் பாட்டுத்தான் அப்போது நன்றாக விலைபோன தட்டு. குரல் முதல்முறையாக ஆளைவிட்டுப் பிரிந்து தனியாகப் பயணம் போனது. அந்தத் தட்டைக் கேட்டவன், பாடியவரை நேரில் பார்க்கக் கொட்டகைக்கு வந்தான் என்பதும் உண்மை. ஆகவே முதலாளிகள் பயப்படவில்லை. கம்பெனியின் சம்பளத்தைவிட இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஊர் ஊராகப் போவதில் காசு அதிகம் என்று பேர்பெற்ற பாடகர்கள் கண்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை இல்லை. சுவாமிகளின் பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையில் சந்தித்தாலே போதும். கம்பெனிக்கு இது முதல் அடி. அடித்தது சினிமா அல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' திரையிட்டார்கள். இயக்கியவர் எச்.எம். ரெட்டி, தயாரித்தவர் அர்தேஷிர் இரானி, நாயகி டி.பி. ராஜலட்சுமி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து போனவர்தான். படம் பாதி தமிழ், பாதி தெலுங்கு. குளறுபடிதான். ஆனாலும் கூட்டம் மொய்த்தது, ஏனென்றால் திரை பாடியது. அதன்பிறகு படமெடுக்க வந்தவர்கள் கதைக்கு எங்கும் அலையவில்லை. 1933-ல் வள்ளி திருமணம், கோவலன். 1934-ல் பவளக்கொடி. சங்கரதாஸ் சுவாமிகளின் கொட்டகைச் சரக்கு அப்படியே பெட்டி மாறியது. ஐம்பது பாட்டு உள்ள படங்கள் சாதாரணம். பவளக்கொடியில் அறிமுகமான தியாகராஜ பாகவதர் அதே நாடகத்தைக் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்தவர். 1935-ல் டி.கே.எஸ். சகோதரர்களே 'மேனகா'வில் நடிக்கப் போனார்கள்.

கொட்டகையைச் சினிமா வெளியிலிருந்து வந்து இடித்தது என்று எழுதுவது வழக்கம். அது அவ்வளவு சரியில்லை. கொட்டகை தன் பாட்டையும் பாடகரையும் நாடகத்தையும் தானே எடுத்துக் கொடுத்தது. கடைசியில் கட்டடத்தையும் கொடுத்தது. கொட்டகைச் சொந்தக்காரருக்குக் கணக்கு எளிது. நாடகக் கம்பெனி வந்தால் ஐம்பது பேருக்குத் தண்ணீரும் தங்க இடமும் பார்க்க வேண்டும், மழை வந்தால் நாடகம் இல்லை, பாடகருக்குத் தொண்டை கட்டினால் டிக்கெட் காசைத் திருப்ப வேண்டும். படப்பெட்டிக்குத் தொண்டை கட்டாது. படுதா தொங்கிய இடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் ஓர் அறை எழுப்பி மெஷினை வைத்தால் அதே கீற்றுக் கூரையின் கீழ் டாக்கீஸ். பெயர்ப்பலகையும் நோட்டீஸும் மாறின. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த மேடையோரம் காலியானது.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த கூத்தல்ல. அமெரிக்காவில் ஊமைப்படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்களுக்கு 1929, 1930-ல் வேலை போனது. அவர்களுடைய சங்கம் 'டப்பாவில் அடைத்த சங்கீதம்' வேண்டாம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது, இயந்திர மனிதன் வாத்தியம் வாசிப்பதுபோலப் படம் போட்டுப் பயமுறுத்தியது. ஜனங்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், டாக்கீஸுக்குப் போனார்கள். ஜப்பானில் திரையோரம் நின்று கதை சொன்ன பென்ஷிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். தோற்றார்கள். அகிரா குரோசவாவின் அண்ணன் அவர்களில் ஒருவர். நம் ஊர்க் கொட்டகை ஆர்மோனியக்காரர்களுக்கு விளம்பரம் கொடுக்கும் அளவுக்குச் சங்கமும் இல்லை, பணமும் இல்லை.

ஆர்மோனியத்துக்கு இன்னோர் அடி வானொலியிலிருந்து விழுந்தது. அதன் ஸ்வரங்கள் நம் சங்கீதத்துக்குப் பொருந்தாது என்று அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் அதற்குத் தடை போட்டது. முப்பது வருடம் கழித்து, 1971-ல்தான் தளர்த்தியது. கொட்டகையில் ராஜாவாக இருந்த வாத்தியம் ரேடியோவில் தீண்டத்தகாதது ஆனது. 1939-ல் வந்த கேளிக்கை வரிச் சட்டம் வேறு. யுத்தம் வந்ததும் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்குமேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஐம்பது பாட்டு பத்தாகச் சுருங்கியது. அதற்கு முன்பே, 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. பாடத் தெரிந்தவன்தான் நடிகன் என்ற கொட்டகைச் சட்டம் அத்தோடு காலாவதி. கொட்டகையிலிருந்து சினிமாவுக்குத் தப்பிய பாடகர்களிலும் பாதிப் பேரைச் சினிமா பத்து வருடத்தில் வெளியே தள்ளியது.

மேடையை விட்டுப் போக மறுத்தவர்களும் உண்டு. எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் அவர்களில் முக்கியமானவர். மருத்துவர் குலத்தில், 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். முருகனாக வேடம் போட்டுக்கொண்டு வள்ளியிடம் தினைப்புனத்தில் பேசும்போதே வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடுவார். மேடையின் ஓரத்தில் போலீஸ் வாரண்டோடு நிற்கும், பாட்டு முடிந்ததும் பிடித்துக்கொண்டு போகும். எத்தனை தடவை சிறைக்குப் போனாலும் வெளியே வந்ததும் அடுத்த ஊர்க் கொட்டகை. 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் மயில் வாகனத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போயிற்று. மயில்மேல் சாய்ந்தவரைக் கூட்டம் முதலில் நடிப்பு என்றே நினைத்ததாகச் சொல்வார்கள்.

1944 பிப்ரவரியில் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடியது. டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று நடத்தினார்கள். நாடகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் பேசினார்கள். அதே வருடம் வெளியான பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பிறகும் திராவிட இயக்கத்தாரின் நாடகங்களும் எம்.ஆர். ராதாவின் நாடகங்களும் கொட்டகைகளில் நடந்தன, கூட்டமும் வந்தது. ஆனால் அங்கே ஜனங்கள் வசனம் கேட்க வந்தார்கள். பாட்டுக் கொட்டகை என்ற வகை அதற்குள் முடிந்துபோயிருந்தது.

இழப்புத்தான். ஆனால் அழுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பஞ்சமருக்கும் பெருவியாதிக்காரர்களுக்கும் அனுமதியில்லை என்று நோட்டீஸிலேயே அச்சடித்த நாடகக் கம்பெனிகள் இருந்தன. ஒன்ஸ்மோர் கேட்கும் அதிகாரம் எல்லாருக்கும் இல்லை. ஈழத்துத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றி எழுதியபோது, சாதி வித்தியாசமில்லாமல் தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார முதலில் இடம் கொடுத்தது சினிமாக் கொட்டகைதான் என்றார். தோல் ஷெட்டுகளில் வேலை செய்தவர்கள் நிறைந்த ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் இதன் பொருள் சிறியதல்ல. தோலைத் தொடுபவன் என்று ஒதுக்கிவைத்தவனும் தரை டிக்கெட் வாங்கி உள்ளே போனான். அவனைப் பொறுத்தவரை ஒரு கதவு மூடியதைவிட ஒரு கதவு திறந்ததே பெரிய சேதி.

இந்த வட்டாரத்தின் கதையில் ஒரு விசேஷம் உண்டு. நாடகக் கொட்டகைகள் மூடின, அவற்றை விழுங்கிய டூரிங் டாக்கீஸ்களும் தொலைக்காட்சி வந்தபின் மூடின, கல்யாண மண்டபமும் கிடங்கும் ஆயின. ஆனால் கொட்டகைக்கு முன்னாலிருந்தே கூரை இல்லாமல் நடந்த கூத்து நடந்துகொண்டிருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒன்று. அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சையும் விபூதியும் வீசுவார். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர்வெளி முழுக்க மல்லாந்து கிடப்பான். சாயங்காலம் தீமிதி.

இந்தக் கூத்தின் இசையைக் கூர்ந்து கேட்டால் மூடிய கொட்டகை அதற்குள் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மேளக் குழுவில் முகவீணை பழைய ஆள். ஆர்மோனியம் கொட்டகை வழி வந்தது. கட்டை அணிகலன் பூட்டி, கிரீடம் வைத்து, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வெளிப்படும் வேடக்காரரின் சுருதி, மைக் இல்லாத காலத்தின் சுருதி. சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. கட்டடம் இல்லாததால் வாடகை இல்லை, விற்க முடியாது, டாக்கீஸ் ஆக்க முடியாது. கொட்டகையை அழித்த கணக்கு இங்கே செல்லவில்லை.

அதனால் இது சாகாது என்று இருந்துவிடவும் முடியாது. புரிசையில் கண்ணப்ப தம்பிரானின் கூத்துப் பரம்பரை கார்சியா மார்க்வெஸின் கதையைக்கூடக் கூத்தாக்கிப் பார்த்தது. செய்யாறு பக்கத்துப் பெருங்கட்டூர்க்காரரான பி. ராஜகோபால், ஹன்னே டி புருய்னுடன் சேர்ந்து காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே வளாகத்தில். ஆண்களே ஆடிவந்த கூத்தில் சிறுமிகள் வேடம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் பதினெட்டு வருடம் நடந்து 2020-ல் மூடப்பட்டது. கர்நாடக சங்கீதப் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கட்டைக்கூத்துக் கலைஞர்களோடு ஒரே மேடையில் பாடியதற்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் கிடைத்த இடத்தில் பாதிகூட இந்த மூடலுக்குக் கிடைக்கவில்லை.

கட்டடங்களின் கதையும் ஆறுதலாக இல்லை. அன்னி பெசண்ட் 1915-ல் சென்னை அரண்மனைக்காரத் தெருவில் எழுப்பிய கோகலே மண்டபம், தேசிய இயக்கக் கூட்டங்களும் கச்சேரிகளும் நடந்த இடம், பாதி இடிந்து வழக்கில் கிடந்தது. தலைநகரத்தில் பேர்பெற்ற மண்டபத்துக்கே அந்தக் கதி என்றால், வேலூர்ப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகை எங்கே இருந்தது என்று அடையாளம் காட்ட ஒரு கல்கூட இல்லாததில் ஆச்சரியம் என்ன?

இப்போது கூத்தை நெருக்குவது சினிமா அல்ல, காலை ஷிப்ட். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு ஆளேற்றும் பஸ் விடிந்ததும் கிராமத்து முனையில் வந்து நின்றுவிடுகிறது. அதில் ஏறும் பெண்களால் கர்ணன் சாகும்வரை கண்விழித்திருக்க முடியாது. ஆகவே விழாக் குழுவினர் கூத்தை நள்ளிரவோடு நிறுத்தச் சொல்கிறார்கள். பத்து நாள் கூத்தை ஐந்தாக்கி, மீதி நாளுக்குச் சினிமாப் பாட்டுக் கச்சேரி பேசுகிறார்கள். சனிக்கிழமை இரவுகளுக்கு முக்கியமான கதைகளை மாற்றி வைத்தாலே இதில் பாதி தீரும், எந்தக் கோயில் சாஸ்திரமும் அதனால் கெட்டுவிடாது. சித்திரையிலிருந்து ஆடிவரை காட்பாடி, வேலூர், ஆரணி பஸ் நிலையச் சுவர்களைப் பாருங்கள், பாரதக் கூத்து நோட்டீஸ் ஒட்டியிருக்கும். போய் உட்காருங்கள். விழாக் குழுவில் உங்களுக்குச் செல்வாக்கு இருந்தால், தாம்பூலம் மாற்றும்போது கூத்துக் குழுவை நடத்தும் ஜமா வாத்தியாரிடம் முன்பணத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கும் தொகையையே கூத்துக்கும் கொடுங்கள்.